பொட்டுக்குள் எரிந்த விளக்கு

அந்தச் சாவி என் பெல்ட்டில் தொங்கிய நாட்களில் நான் கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்தித்தான் நடந்தேன். பொய் சொல்வானேன், கொஞ்சம் இல்லை, நிறையவே. எண்பதுகளின் பிற்பாதி அது. மலேசியாவில், கிள்ளானில் ஒரு பிஸ்கட் தொழிற்சாலை. பேக்கிங்கில் பெட்டி ஒட்டும் ஆளாக உள்ளே போனவன் நான். வாரத்தில் மூன்று சாயங்காலம் பஸ் பிடித்து கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸுக்கு ஓடி, ஒரு கடையின் மாடியில் நடந்த எலெக்ட்ரானிக்ஸ் வகுப்பில் கொட்டாவி விட்டுக்கொண்டே படித்து, டெக்னீஷியன் ஆனேன். கண்ட்ரோல் பெனலின் சாவி அந்தத் தொழிற்சாலையில் ஒரு தமிழன் கைக்கு வந்தது அதுதான் முதல் தடவை. "குளிக்கும்போதாவது கழட்டி வைப்பீங்களா?" என்று என் மனைவி கேட்பாள். கழற்றி சோப்பு டப்பா பக்கத்தில் வைத்துக்கொள்வேன்.

பெனல் என்பது ஆள் உயர இரும்பு அலமாரி. அதற்குள் டிபன் பெட்டி அளவில் ஒரு கண்ட்ரோலர் இருந்தது. மாவு எப்போது விழ வேண்டும், சீனி எப்போது, தண்ணீர் எவ்வளவு நேரம், மிக்சர் எத்தனை நிமிடம் சுற்ற வேண்டும் என்பதெல்லாம் அதன் நினைவில்தான் இருக்கும். கரண்ட் இருக்கும்வரை அந்த நினைவுக்கு ஒன்றும் ஆகாது. கரண்டை அணைத்தால், சுண்டுவிரல் தடிமனில் உள்ளே செருகியிருக்கும் ஒரு பேட்டரிதான் அதைத் தாங்கிப் பிடிக்கும். பேட்டரி சாகப்போகிறது என்றால் கண்ட்ரோலரின் முகத்தில் கடுகு மாதிரி ஒரு சிவப்பு விளக்கு எரியும். வாராவாரம் திங்கட்கிழமை நான் பெனலைத் திறந்து, அந்த விளக்கு எரியவில்லை என்று பார்த்து, கதவில் தொங்கும் தாளில் டிக் அடித்துக் கையெழுத்துப் போட வேண்டும்.

மெஷினை விற்ற கம்பெனி, முதல் நாள் போட்ட புரோகிராமை அச்சடித்து ஒரு ஃபைலில் கொடுத்திருந்தது. அதன் பிறகு நான் எத்தனையோ மாற்றம் செய்தேன். மாவு கட்டி தட்டாமல் இருக்க ஒன்று, சீனி சரியாகக் கரைய ஒன்று. எதையும் எழுதி வைக்கவில்லை. மேனேஜர் கேட்டபோது நெற்றிப்பொட்டைத் தட்டிக் காட்டி, "எல்லாம் இங்க இருக்கு பாஸ்" என்றேன். அவ்வளவு திமிர் எனக்கு.

எங்கள் ஆட்களுக்கு ஆயுத பூஜை என்றால் தீபாவளிக்கு அடுத்தபடி. அதை ஒட்டி வரும் சனிக்கிழமை மதியத்தோடு வேலையை நிறுத்தி, எல்லா மெஷினையும் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, மெயினை அணைத்துவிடுவோம். வருஷம் முழுக்க ஓடியதற்கு ஒரு நாள் ஓய்வு. மறுநாள் காலையில் தேங்காய் உடைத்து, ஐந்து நிமிடம் சும்மா ஓட்டிப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போவோம். மேனேஜர் சீனர். பூஜைக்குத் தடை சொன்னதே இல்லை, கொண்டைக்கடலை சுண்டலை இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கிச் சாப்பிடுவார்.

மற்றவர்கள் மெஷினுக்கு வெளியே பொட்டு வைத்தார்கள். நான் சும்மா இருப்பேனா? சாவி என்னிடம் அல்லவா இருக்கிறது. ஒரு வருஷம் பெனலைத் திறந்து, "மூளைக்கே வைக்கிறேன் பாரு" என்று சொல்லி, கண்ட்ரோலரின் முகத்திலேயே குழைத்த சந்தனத்தை அப்பி, நடுவில் குங்குமம் வைத்தேன். பூஜைத் தட்டோடு நின்றவள் மிக்சரைப் பார்த்துக்கொள்ளும் பெண். என்னைவிட நாலைந்து வயது சின்னவள், எட்டு வருஷமாக அதே மிக்சரில் நிற்கிறவள். எல்லோருக்கும் அவள் மிக்சர்க்காரிதான். "நல்லா நெத்தி மாதிரி இருக்குண்ணே" என்றாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அடுத்த வருஷமும் மெயினை அணைத்தபின் பெனலைத் திறந்தேன். எலெக்ட்ரானிக்ஸ் மேல் ஈரத் துணி படக் கூடாது என்று வகுப்பில் சொல்லியிருந்தார்கள். அதனால் போன வருஷத்துப் பொட்டைத் துடைக்காமல், காய்ந்து போயிருந்த அதன் மேலேயே புதுப் பொட்டை வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை தேங்காய் சரிபாதியாக உடைந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். நான் மெயினைப் போட்டு, மிக்சரின் பச்சைப் பட்டனை அமுக்கினேன். சத்தமே இல்லை. மறுபடி அமுக்கினேன். பெனலைத் திறந்தால், ஓடுகிறது என்று காட்டும் விளக்கு எரியவில்லை. தப்பு என்று காட்டும் விளக்கு கண்ணைச் சிமிட்டியது. கால்குலேட்டர் மாதிரி ஒரு கருவி உண்டு, அதைச் செருகித்தான் புரோகிராமைப் படிப்போம். செருகிப் பார்த்தேன். முதல் வரி காலி. பத்தாவது வரி காலி. கடைசிவரை காலி. போச்சு, எல்லாம் போச்சு.

பேட்டரி விளக்கு எங்கே என்று தேடினேன். அது இருக்க வேண்டிய இடத்தில் என் பொட்டு இருந்தது. நகத்தால் சுரண்டினேன். சந்தனம் பொடிப்பொடியாக உதிர்ந்தது, உள்ளேயிருந்து சிவப்பு வெளிச்சம் என் நகத்தின் மேல் விழுந்தது. எத்தனை மாதமாக எரிந்துகொண்டிருந்ததோ, கடவுளுக்குத்தான் வெளிச்சம். நான் வாராவாரம் கதவைத் திறந்து, அந்த இடத்தைச் சரியாகப் பார்க்காமலே, எரியவில்லை என்று டிக் அடித்திருக்கிறேன். என்றைக்குமே எரியாத விளக்குதானே என்ற எண்ணம்.

"அண்ணே, அது நீங்க வச்ச பொட்டுதானே?" பின்னால் மிக்சர்க்காரியின் குரல்.

"வாய மூடிக்கிட்டு போறியா!" என்று கத்தினேன். கற்பூரத் தட்டைப் பிடித்திருந்தவளை அப்படிக் கத்தியிருக்கக் கூடாது. அவள் போகவில்லை. தட்டைக் கீழே வைத்துவிட்டு அங்கேயே நின்றாள்.

காவலாளி அறையிலிருந்து மேனேஜர் வீட்டுக்குப் போன் போட்டேன். புரோகிராம் அழிந்துவிட்டது என்று மட்டும் சொன்னேன். பொட்டைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. அவர் குரலை உயர்த்தாத மனிதர். மலாயில் நிதானமாகச் சொன்னார்: திங்கள் காலை ஏழு மணிக்கு ஓட வேண்டும். ஓடாவிட்டால் மெஷின் கம்பெனி ஆளைக் கூப்பிடுவேன், சாவியை அவனிடம் கொடுத்துவிட்டு நீ பேக்கிங்குக்குப் போகலாம்.

பேக்கிங்கா? மறுபடி பெட்டி ஒட்டவா? எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. அந்த ஞாயிறு முழுக்க என்னை நிற்க வைத்தது அந்த ரோஷம்தான். மற்றவர்களை வீட்டுக்கு அனுப்பினேன். யாரும் மெயினைத் தொடக் கூடாது என்று மலாயில் 'ஜாங்கான் துத்துப்', அணைக்காதே, என அட்டையில் பெரிதாக எழுதி ஒட்டினேன். புது பேட்டரி கடை திறந்தபின் திங்கட்கிழமைதான் கிடைக்கும், அதுவரை கரண்ட் போனால் செய்வதெல்லாம் மறுபடி அழிந்துவிடும். ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு, பழைய புரோகிராமை ஒவ்வொரு வரியாக அந்தக் குட்டிப் பட்டன்களில் அடிக்க ஆரம்பித்தேன். ஒரு எண் தப்பினால் முந்தின பக்கத்துக்குப் போய்த் தேட வேண்டும். இரண்டு தடவை ஃபைலை வீசி எறிந்தேன். இரண்டு தடவையும் நானே போய்ப் பொறுக்கிக்கொண்டு வந்தேன்.

மதியத்துக்குள் பழைய புரோகிராம் ஏறிவிட்டது. அதன் பிறகுதான் உண்மையான கஷ்டம். நான் செய்த மாற்றங்கள். நெற்றிப்பொட்டைத் தட்டினேன். ஏழெட்டு வந்தன. சீனிக்குப் பின் இத்தனை விநாடி, மாவு விழும் கதவு மூட இத்தனை விநாடி. ஆனால் தண்ணீரில் வந்து நின்றுவிட்டேன். தண்ணீரை இரண்டு தடவையாகப் பிரித்தது நினைவிருக்கிறது, நடுவில் எவ்வளவு நேரம் விட்டேன் என்பது துடைத்து வைத்தது போல் இல்லை. அது தப்பினால் மாவு ஒன்று களியாகும், இல்லை கல்லாகும். தலையில் அடித்துக்கொண்டேன்.

மிக்சர்க்காரி இன்னும் போகவில்லை. வெளியே போய் நாசி லெமாக் பொட்டலம் வாங்கி வந்து எனக்கு ஒன்றை நீட்டினாள்.

"எந்த இடத்துல நிக்குதுண்ணே?"

"உனக்குச் சொன்னா புரியுமா? முதல் தண்ணிக்கும் ரெண்டாவது தண்ணிக்கும் நடுவுல எத்தன செகண்ட்டுன்னு தெரியல."

"செகண்ட்டெல்லாம் எனக்குத் தெரியாது. முதல் தண்ணி விழுந்ததும் நான் மூடிய துடைப்பேன். அப்புறம் கீழ கொட்டுன மாவக் கூட்டி வாளியில போடுவேன். வாளியத் தூக்கிட்டுப் போய் மூலையில வச்சிட்டுத் திரும்பி வந்து மிக்சர்ல கை வைப்பேன். அப்போ சரியா ரெண்டாவது தண்ணி விழும். ஒரு நாள்கூட முன்ன பின்ன ஆனதில்ல லா."

வாயில் போட்ட சோற்றை விழுங்க மறந்து அவளைப் பார்த்தேன். பிறகு கைக்கடிகாரத்தைக் கழற்றினேன். "செஞ்சு காட்டு."

ஓடாத மெஷின் முன்னால் அவள் வேலை செய்தாள். இல்லாத ஈரத்தைத் துடைத்தாள், இல்லாத மாவைக் கூட்டினாள், காலி வாளியைக் கனமான வாளி மாதிரி ஒரு பக்கம் சாய்ந்து தூக்கிக்கொண்டு மூலைக்கு நடந்தாள். திரும்பி வந்து மிக்சரின் விளிம்பில் கை வைத்தாள். நாற்பத்திரண்டு விநாடி. மறுபடி செய்யச் சொன்னேன். நாற்பத்தொன்று. மூன்றாம் முறை நாற்பத்திரண்டு. மயிர் கூச்செறிந்தது எனக்கு. நான் மறந்த இன்னும் இரண்டு மாற்றங்களும் அப்படியே அவள் நடையிலிருந்து வந்தன. அதில் ஒன்று நான் செய்தேன் என்பதே எனக்கு மறந்து போயிருந்தது.

வெயில் இறங்கும்போது மாவு போட்டு ஒரு நடை ஓட்டினோம். மிக்சர் பிசைந்த மாவை அவள் கிள்ளி, விரலில் உருட்டி, கொஞ்சம் வாயில் போட்டு மென்றாள். "இதுதாண்ணே, நம்ம மாவு" என்றாள். நான் அங்கேயே மாவு மூட்டையின் மேல் உட்கார்ந்து அழுதுவிட்டேன். அவள் பார்க்காத மாதிரி வாளியைக் கழுவப் போனாள்.

திங்கள் காலை ஏழு மணிக்கு ஓடியது. எட்டு மணிக்கு மேனேஜர் என்னை அறைக்குக் கூப்பிட்டு, தோளைத் தட்டி, உட்காரச் சொன்னார். மெஷின் கம்பெனிக்குப் போன் போட்டு, பேட்டரி விளக்கு எரியவே இல்லை, உங்கள் சாமான் ஓட்டை என்று வாங்கு வாங்கென்று வாங்கினார். அந்தப் பக்கம் யாரோ ஒரு இன்ஜினியர், "சாரி சார், சாரி சார்" என்பது எனக்கே கேட்டது. "என் டெக்னீஷியன் ஒவ்வொரு வாரமும் செக் பண்ணிக் கையெழுத்துப் போட்டிருக்கான்" என்று சொல்லி, பெனல் கதவிலிருந்து எடுத்து வந்த தாளை மேசையில் தட்டினார். என் டிக், என் கையெழுத்து, வரிசையாக.

வாயை மூடிக்கொண்டிருந்தால் சாவி என்னுடையது. அது எனக்கு நன்றாகவே தெரிந்தது. கை பெல்ட்டுக்குப் போய்விட்டது. ஆனால் அந்த இன்ஜினியர் இன்னொரு தடவை சாரி சொன்னான். எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

"பாஸ், போன வைங்க," என்றேன். "விளக்கு எரிஞ்சிச்சு. நான்தான் பார்க்கல."

எல்லாவற்றையும் சொன்னேன். பொட்டு, டிக், மிக்சர்க்காரியின் வாளி, எல்லாம். அவர் எழுந்து பெனலுக்கு நடந்தார். பின்னால் போனேன். சந்தனம் உதிர்ந்த ஓட்டைக்குள் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. அதைக் குனிந்து பார்த்துவிட்டு என் பக்கம் கையை நீட்டினார். பெல்ட்டிலிருந்து சாவியைக் கழற்றிக் கொடுத்தேன். கொக்கி ஒரு தடவையில் கழலவில்லை. பேக்கிங்தான் என்று முடிவு கட்டிவிட்டேன்.

அவர் மிக்சர்க்காரியைக் கூப்பிட்டுச் சாவியை அவள் கையில் வைத்தார். "எனக்கு வேணாம் பாஸ், அண்ணனுக்கே குடுங்க" என்று அவள் பதறினாள். "வேலை அவன் செய்வான். நீ பார்த்தால் போதும்" என்று மலாயில் சொல்லிவிட்டுப் போய்விட்டார். என் காது இரண்டும் எரிந்தன. அவளிடம் கேட்டுத்தான் இனி என் பெனலை நான் திறக்க வேண்டும்! அன்று சாயங்காலம் வரை அவளோடு பேசவில்லை. அவள் என்ன செய்வாள் பாவம்.

ஆனால் அன்றைக்கே பேட்டரி வாங்கி வந்து, கரண்டை அணைக்காமல் மாற்றினேன். பேட்டரி மாற்றிய தேதியைப் பெனல் கதவில் பெயிண்டால் எழுதினேன். நீளக் கோட்டுப் புத்தகம் ஒன்றில் முழு புரோகிராமையும் கையால் எழுதினேன், நாற்பத்திரண்டு விநாடி உட்பட. பேட்டரியே இல்லாமல் நினைவு வைத்துக்கொள்ளும் சில்லு ஒன்று உண்டு, அதை வாங்கித் தரச் சொல்லி மேனேஜரை மாதாமாதம் நச்சரித்தேன். ஒரு வருஷம் கழித்து வாங்கிக் கொடுத்தார்.

அடுத்த திங்கட்கிழமை அவள் சாவியோடு வந்தாள். தாளைக் காட்டி, "இதுல என்னண்ணே செய்யணும்?" என்றாள்.

"எரியலேன்னா டிக் அடி, அவ்ளோதான்" என்றேன், முகத்தைத் திருப்பிக்கொண்டு.

அவள் குனிந்தாள். மேலிருந்து விழும் வெளிச்சத்தை ஒரு கையால் மறைத்துக்கொண்டு, மூக்கு படும் அளவுக்குக் கிட்டே போய்ப் பார்த்தாள். பிறகு பேனாவை வாங்கி, டிக் அடிக்காமல், அந்தச் சின்னக் கட்டத்துக்குள் குட்டிக் குட்டியாகத் தமிழில் ஏதோ எழுதினாள்.

மதியம் மேனேஜர் அந்த வழியாக வந்தவர், தாளைப் பார்த்துவிட்டு, இது என்ன என்று என்னைக் கேட்டார். நான் கிட்டே போய்ப் படித்தேன்.

"பார்த்தேன், எரியலன்னு எழுதியிருக்கா, பாஸ்" என்று நானே அவருக்கு மலாயில் சொன்னேன். அதற்கு மேலே இருந்த கட்டங்களில் எல்லாம் என் டிக்.