அடியில் படுத்துப் பார்

அம்சவல்லிக்கு வடலூர் பக்கத்தில் ஒரு கிராமம். நாற்பத்திரண்டு வயது. நெய்வேலி சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை செய்பவர்களுக்கு மதியச் சாப்பாடு ஏற்றிக்கொண்டு போவதுதான் அவள் தொழில். சோற்று அண்டா இரண்டு, சாம்பார் அண்டா ஒன்று, ரசம், பொரியல். பன்னிரண்டேகாலுக்குள் சுரங்கக் கேட்டில் நிற்க வேண்டும். வண்டி பதினாறு வருஷத்துப் பழைய பிக்கப்.

வாங்கிய புதிதில் டிரைவர் வைத்திருந்தார்கள். கணவன் சிங்காரவேலுக்கு சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை, ஷிப்டை விட்டு வர முடியாது. மூன்று டிரைவர்கள் மாறினார்கள். மூன்றாமவன் சொல்லாமல் கொள்ளாமல் சாவியை ஜன்னலில் வைத்துவிட்டுப் போன அன்றே அம்சவல்லி டிரைவிங் ஸ்கூலில் பேர் கொடுத்தாள். அதற்கப்புறம் ஏழு வருஷமாக அவள்தான் ஓட்டுகிறாள். ஒரு கீறல் கிடையாது.

இந்த மாசி மாதம் ஸ்டியரிங் ஆட ஆரம்பித்தது. நாலு விரல் அகலம் திருப்பினாலும் சக்கரம் அசையாது. அதற்கு மேல் திருப்பினால் சட்டென்று ஒரு பக்கம் இழுக்கும். எதிரே நிலக்கரி லாரி வரும்போதெல்லாம் உள்ளங்கை வேர்த்தது. மெக்கானிக் மருதமுத்துவிடம் வண்டியை விட்டாள். அவர் சக்கரத்தோடு சேரும் டை ராடு எண்டை மாற்றிக் கொடுத்தார். ஆட்டம் அப்படியே இருந்தது. திரும்பப் போனாள்.

"ஆட்டம் கொறையலீங்க. ஓட்டிகினு வரவே பயமா இருக்குது."

மருதமுத்து துணியில் கையைத் துடைத்தபடியே சிரித்தார். "பழைய வண்டின்னா கொஞ்சம் ஆடத்தாம்மா செய்யும். நீங்க கெட்டியா புடிக்கணும். பொம்பளைங்க கைக்கு அந்தப் புடிமானம் வராது."

அங்கே டீ குடித்துக்கொண்டிருந்த இரண்டு பேரும் சிரித்தார்கள். அம்சவல்லி வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். பதில் கொடுக்காமல் வந்ததற்காக வழியெல்லாம் தன்னையே திட்டிக்கொண்டு வந்தாள். வீட்டில் சொன்னபோது சிங்காரவேலுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "அவுரு சொல்றதுலயும் ஒரு இது இருக்குது இல்ல?" என்றான்.

"இன்னா இது இருக்குது? ஏழு வருஷமா இந்தக் கைதான ஓட்டுது? அப்பல்லாம் புடிமானம் எங்கருந்து வந்துச்சு?"

அவன் டிவி பக்கம் திரும்பிக்கொண்டான்.

மூன்றாவது தடவை போனபோது மருதமுத்து, ஸ்டியரிங் திருப்புவதைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் ஸ்டியரிங் பாக்ஸின் தலையில் இருக்கும் திருகை இறுக்கிவிட்டார். ஐந்து நிமிஷ வேலை. "இப்ப ஆடாது" என்றார். ஆட்டம் கொஞ்சம் குறையத்தான் செய்தது. ஆனால் மறுநாள் டவுன்ஷிப் ஆர்ச் தாண்டி வளைவில் ஒடித்த ஸ்டியரிங் திரும்பி வரவில்லை. வழக்கமாகக் கையை லேசாக விட்டால் தானே நேராகிவிடும். அன்றைக்கு அப்படியே நின்றது. வண்டி மண்ணில் இறங்கி ஒரு வேப்பமரத்தை நோக்கிப் போனது. இரண்டு கையாலும் இழுத்து, பிரேக்கில் ஏறி நின்றாள். பின்னால் சாம்பார் அண்டா கவிழ்ந்த சத்தம் கேட்டது.

சைக்கிளில் வந்த ஒரு பள்ளிக்கூடப் பெண் மரத்துக்கு முன்னால் காலூன்றி நின்றுகொண்டிருந்தது. சீருடை, இரட்டைச் சடை. வண்டி ஒரு முழம் தள்ளி நின்றிருந்தால் அந்தப் பிள்ளை இல்லை.

அம்சவல்லி இறங்கினாள். பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை என்று பார்த்துக்கொண்டாள். உடம்பில் ஏறியது பயம் என்றுதான் முதலில் நினைத்தாள். பயமில்லை, கோபம்.

சாம்பார் இல்லாமல் சோறும் ரசமும் பொரியலும் கொடுத்துவிட்டு, ஆட்கள் முணுமுணுத்ததையும் வாங்கிக்கொண்டு, மெதுவாக ஓட்டி வீட்டுக்கு வந்தாள். சக்கரத்துக்குக் கல் வைத்தாள். பக்கத்து வீட்டுப் பொற்கொடியைக் கூப்பிட்டு டிரைவர் சீட்டில் உட்கார வைத்தாள்.

"இன்னாக்கா பண்ணணும்? எனக்கு ஒண்ணும் தெரியாதே."

"தெரிய வேணாம். ஸ்டியரிங்க இப்பிடியும் அப்பிடியும் ஆட்டிகினே இரு. நிறுத்துன்னு சொல்றவரைக்கும் ஆட்டு."

தரையில் பழைய சாக்கைப் போட்டு அடியில் படுத்தாள். சக்கரத்திலிருந்து தொடங்கி ஒவ்வொரு இணைப்பிலும் கை வைத்துப் பார்த்தாள். அதெல்லாம் சரியாக இருந்தது. கை மேலே போகப் போக ஒரு துடிப்பு தெரிந்தது. பொற்கொடி திருப்பும் ஒவ்வொரு தடவையும் ஸ்டியரிங் பாக்ஸே வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸை விட்டு எழும்பி எழும்பி உட்கார்ந்தது. நாலு போல்ட்டில் ஒன்று இல்லவே இல்லை. இன்னொன்று விரலால் சுற்றினால் சுற்றியது. போல்ட் இல்லாத ஓட்டையிலிருந்து சேஸிஸ் தகட்டில் ஒரு விரல் நீளத்துக்கு விரிசல். விளிம்பெல்லாம் துரு. நேற்று வந்த விரிசல் இல்லை.

மூன்று தடவை வண்டி போயிருக்கிறது. ஒரு தடவைகூட அந்த ஆள் கீழே படுத்துப் பார்க்கவில்லை.

மறுநாள் சாப்பாட்டுக்கு வேறு வண்டி ஏற்பாடு செய்துவிட்டு, பிக்கப்பைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போய் ஒர்க்‌ஷாப் வாசலில் நிறுத்தினாள். அன்றும் நாலைந்து பேர் டீ குடித்துக்கொண்டு இருந்தார்கள்.

"படு" என்றாள்.

"என்னம்மா?"

"அடியில படுத்துப் பாரு. நான் ஸ்டியரிங்க ஆட்டுறேன். என் கையில புடிமானம் இருக்குதா இல்லியான்னு அப்பறம் சொல்லு."

மரியாதை போனதை எல்லோரும் கவனித்தார்கள். மருதமுத்து சுற்றிலும் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் படுத்தார். அம்சவல்லி ஸ்டியரிங்கை ஆட்டினாள். ஒரு நிமிஷம் போனது.  அவள் நிறுத்தவில்லை.

"போதும்மா. தெரியுது."

வெளியே வந்து முதுகுத் தூசியைத் தட்டிக்கொண்டார். "இது சாமானியத்துல கண்ணுக்குத் தெரியாதுங்க. மறைவான எடம்."

"எனக்குத் தெரிஞ்சுதே. நான் மெக்கானிக்கா? நேத்து ஒரு ஸ்கூல் புள்ள மேல ஏத்தியிருப்பேன். ஏத்தியிருந்தா ஊரு இன்னா சொல்லும்? பொம்பள ஓட்டுனா இப்பிடித்தான்னு சொல்லும். நீ டீ குடிச்சிகினு ஆமான்னு சொல்லியிருப்ப."

டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் ரோட்டைப் பார்த்தார்கள்.

வெல்டர் இளவழகன் வந்து, பாக்ஸை இறக்கி, விரிசலைப் பற்றவைத்து, மேலே கனமான தகடு ஒன்றைச் சேர்த்தான். போல்ட்டு நாலும் புதுசு. ஸ்டியரிங் திரும்பி வராமல் பிடித்துக்கொண்டதற்குக் காரணமான தலைத் திருகைப் பழைய அளவுக்குத் தளர்த்தினார்கள். மூன்று மணி நேரம். உட்காரச் சொல்லி நாற்காலி போட்டார்கள், அவள் உட்காரவில்லை.

டிரையல் பார்க்க மருதமுத்து சாவிக்குக் கை நீட்டினார். அவள் கொடுக்கவில்லை. அவரைப் பக்கத்து சீட்டில் ஏற்றிக்கொண்டு அதே வளைவுக்கு ஓட்டினாள். ஒடித்துவிட்டுக் கையைத் தளர்த்தினாள். ஸ்டியரிங் தானாகச் சுழன்று நேராக வந்தது.

"நல்லாத்தான் ஓட்றீங்க" என்றார் மருதமுத்து. சமாதானமாகப் போகட்டும் என்றுதான் சொன்னார்.

அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. வண்டியை ஓரம் கட்டினாள். "நான் நல்லா ஓட்டுறனா இல்லியான்னு ஒங்கள யாரு கேட்டா? ஆட்டம் எங்கருந்து வருதுன்னுதான் கேட்டேன். மூணு தடவ கேட்டேன்."

வண்டியைத் திருப்பி ஒர்க்‌ஷாப் வாசலில் அவரை இறக்கிவிட்டாள். 

சிங்காரவேலோடு நாலு நாள் பேசவில்லை. ஐந்தாம் நாள் அவனாகவே வந்து, "நானும் சிரிச்சிருக்கக் கூடாது" என்றான். "கூடாதுதான்" என்று சொல்லிவிட்டுச் சோறு போட்டாள். அதற்கு மேல் இறங்கி வரவில்லை.

சித்திரையில், பலாப்பழ லோடு ஏற்றும் சாமியம்மாள், தன் ஆட்டோவை எந்த மெக்கானிக்கிடம் விடலாம் என்று பண்ருட்டி மார்க்கெட்டில் வைத்து அவளைக் கேட்டாள்.

"மருதமுத்துகிட்ட வுடு. தொழில் தெரிஞ்ச ஆளுதான்" என்றாள் அம்சவல்லி. அதைச் சொல்லும்போதே பழைய கோபத்தில் முகம் சிவந்தது. "ஆனா வுட்டுட்டு வூட்டுக்குப் போவாத. அந்தாளு கீழ படுக்கிறவரைக்கும் அங்கயே நில்லு."