358358-க்குள் இருந்த பதின்மூன்று

பக்கத்து வீட்டுக்காரரின் இதய ஆபரேஷனைக் கெடுத்தவன் நான்தான். பெங்களூரு ஆஸ்பத்திரி கொடுத்த பதிவு எண்ணை, துணைக்கு நானும் கூடப்போன ரயிலில் காட்டினார்: 358358.

"மறக்கவே மறக்காது, இல்ல சார்?"

"பதின்மூன்றால் மீதியில்லாமல் வகுபடும்" என்றேன். பதின்மூன்றென்றால் அவருக்குப் பயம் என்று தெரிந்தே, கணக்கு வாத்தியார் திமிரில் சொன்னேன். வழியில் பங்காருபேட்டையிலேயே இறங்கி வீடு திரும்பிவிட்டார்.

மறுநாள் தாளில் போட்டுக் காட்டினேன். எந்த மூன்று இலக்க எண்ணையும் இருமுறை சேர்த்தெழுதினால் அது ஆயிரத்தொன்றின் மடங்கு. ஆயிரத்தொன்று என்பது ஏழு, பதினொன்று, பதின்மூன்றின் பெருக்கற்பலன்.

"உங்கள் பைபிள் கொண்டாடும் ஏழும் இதில் இருக்கிறது."

"ரெண்டும் உள்ளயே குந்தினு இருக்குதுன்றீங்க. எது ஜெயிக்கும் சார்?"

தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். அவர் இன்னும் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. தினமும் விடிந்ததும், அவர் வீட்டுக் கதவு திறக்கும் சத்தம் கேட்கும்வரை நான் வாசலிலேயே நிற்கிறேன்.