ஜெயந்தி அக்கா வரிசையாக மாட்டிய ஐந்து படங்கள்

எக்ஸ்ரே மேசையின் குளிர் கவுனைத் தாண்டி முதுகில் ஏறும். பக்கத்து இருட்டறையிலிருந்து படம் கழுவும் மருந்தின் புளித்த நெடி வரும். ஐந்து வயதுக்குள், பாயிலிருந்து எழும்போது ஒருமுறை, சேவூர் டவுன் பஸ் குலுங்கியபோது ஒருமுறை என்று நான்கு தடவை எலும்பு முறிந்திருந்ததால், ஆரணியில் பள்ளிக்கூடத்தைவிட ஆஸ்பத்திரியின் அந்த அறையே எனக்கு நன்றாகப் பழகியிருந்தது.

ஐந்தாவது முறை, அம்மா குளிப்பாட்டித் தூக்கியபோது தொடை எலும்பு முறிந்தது. அங்கே புதிதாக வந்திருந்த டாக்டர், காத்திருந்தவர்கள் எல்லோருக்கும் கேட்கும்படி, "உண்மையச் சொல்லும்மா, கொழந்தைய அடிச்சியா?" என்றார். தெருவில் ஏற்கெனவே அப்படி ஒரு பேச்சு இருந்தது. அம்மா தன் கைகளையே பார்த்தாள்.

அப்போதுதான் எக்ஸ்ரே எடுக்கும் ஜெயந்தி அக்கா, ஈரம் சொட்டும் படத்தோடு வெளியே வந்தார். என் பழைய படங்களையெல்லாம் அவர் ஒரே உறையில் பத்திரப்படுத்தி வைத்திருந்தார். ஐந்தையும் விளக்குப் பெட்டியில் வரிசையாக மாட்டினார்.

"ஒரு நிமிஷம் பாருங்க சார். மத்த கொழந்தைங்க எலும்பு மாதிரி வெள்ளையா வுழல, நெழலு மாதிரி இருக்குது. இந்தக் காலு ஒடையறதுக்கு முன்னாடியே வளைஞ்சிகினு வந்திருக்குது. கண்ணுல வெள்ளை முழியும் நீலமா இருக்குது சார்."

டாக்டரிடம் அங்கே யாரும் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. அக்கா விளக்குப் பெட்டியை விட்டு நகரவில்லை. டாக்டர் என் இமையை விலக்கிப் பார்த்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு, "உக்காரும்மா" என்று தணிந்த குரலில் சொல்லி, வேலூர் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதினார்.

வேலூரில் தலையையும் படம் எடுத்தார்கள். மண்டையோட்டின் இணைப்புகளில் சின்னச் சின்ன எலும்புத் துண்டுகள் தெரிந்தன. அதுவும் கண்ணின் நீலமும், எலும்பு லேசில் முறிகிற, அரிதான பிறவிக் கோளாறின் அடையாளம் என்றார்கள். மருந்தும் காலுக்குள் வைத்த கம்பியும் என்னை நடக்க வைத்தன.

இன்று நான் கணக்கு டீச்சர். இப்போது எக்ஸ்ரே படம் போனுக்கே வந்துவிடுகிறது. ஆரணியில் அந்த இருட்டறை இல்லை, ஜெயந்தி அக்காவும் ஊரில் இல்லை. போன வாரம் என் காலின் புதுப் படத்தை அம்மாவிடம் காட்டினேன். பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"அன்னிக்கு அந்த டாக்டர் கேட்டப்ப எனக்கே சந்தேகம் வந்துடுச்சிடி, அழுத்திப் புடிச்சிட்டனோன்னு. அந்த எக்ஸ்ரே அம்மா மட்டும் வரலன்னா, நான்தான் ஒடச்சேன்னு ஒத்துக்கினு இருந்திருப்பேன்."

இத்தனை வருடங்களில் இதை அம்மா யாரிடமும் சொன்னதில்லை.