பிரேக் பிடித்த வாசம்

அவனியாபுரம் தாண்டி, ஆளில்லாத ரோட்டில் என் மகன் தன் ஸ்போர்ட்ஸ் காரை ஓட்டிப் பார்த்தான். லேத்தில் அவனே கடைந்து மாட்டிய பிரேக் டிஸ்க். எதிரே கண்மாய்க் கரை. ரோட்டோரம் நானும் மருமகளும் நின்றிருந்தோம். கார் சீறி வந்ததும் "மீனாட்சித் தாயே" என்று கண்ணை மூடிக்கொண்டேன். கிரீச்சென்ற சத்தத்தோடு கருகல் வாசம் வந்தது.

சின்ன வயதில் மாசி வீதியில் வந்த வாசம் அது. அப்பா, தான் செதுக்கிய கட்டையைச் சக்கரத்தடியில் கொடுத்துத் தேரை நிறுத்துவார். உரசிய கட்டை புகையும். அம்மா கண்ணை இறுக மூடி, என் கையை நெரிப்பாள்.

"நின்னுருச்சா? அப்பாவுக்கு ஒண்ணுமில்லையே? பாத்துச் சொல்லுடி!"

இப்போது என் பிடியில் நெரிபட்டது மருமகள் கை.

"நின்னுருச்சா? பாத்துச் சொல்லும்மா!"

"எனக்கெப்படித் தெரியும் அத்தே? நானும்ல கண்ண மூடிட்டேன்!"

கார்க் கதவு திறக்கும் சத்தம் கேட்ட பிறகுதான் இருவரும் கண்ணைத் திறந்தோம்.