பூஜ்ஜியமாய் நின்ற சுவர்

அலுவலகத்தில் அவளுக்குச் சல்லடை என்று பெயர். எந்த எண்ணையும் சலித்துப் பார்க்காமல் விடமாட்டாள். நாற்பது வயதுக்கு மேல், சமையல் மேடையில் மடிக்கணினியை வைத்து, குக்கர் விசிலுக்கு நடுவே பைதான் நிரல்மொழி கற்றவள். கட்டடங்களில் பொருத்திய கருவிகள் அனுப்பும் அளவுகளைப் பாண்டாஸ் என்ற நிரல் தொகுப்பில் ஏற்றி, ஒரே கட்டளையில் நெடுவரிசை முழுவதையும் கூட்டுவாள், கழிப்பாள்.

மேட்டுச் சாலையைத் தாங்கும் கற்சுவரின் அறிக்கை அன்று பொறியாளரின் மேசையில் இருந்தது. அவர் கையெழுத்திட்டால், மூடிக் கிடக்கும் சாலையில் மறுபடி லாரிகள் ஓடும். கீழே, சுவரை ஒட்டி, அவள் தம்பியின் வெல்டிங் பட்டறை.

அன்றாடச் சாய்வு நெடுவரிசையில் மேலிருந்து கீழ்வரை பூஜ்ஜியம். அதுதான் உறுத்தியது. வெயிலுக்கும் மழைக்குமாவது ஒரு சுவர் துளி அசையாதா?

நிரலைத் திறந்தாள். பார்வைக்குச் சுத்தமாக இருக்கட்டும் என்று, எண்களை ஒரு தசம இடத்துக்குச் சுருக்கும் சார்பை அவளே முதலில் போட்டிருந்தாள். கூட்டல் அதற்குப் பிறகு. ஒவ்வொரு நாளின் சின்ன அசைவும் கூட்டலுக்கு வருமுன்பே செத்துப்போயிருந்தது. கூட்டல் முதலில், சுருக்கல் பிறகு என்று மாற்றினாள்.

மொத்தம் ஒன்றரை டிகிரி சாய்வு. எல்லா நாளும் ஒரே பக்கம். பட்டறைப் பக்கம்.

"சார், கையெழுத்து போடாதீங்க."

"காலையில பூஜ்ஜியம்னு நீதானேம்மா சொன்ன?"

"சொன்னேன். தப்பு. கூட்டுறதுக்கு முன்னாடியே ரவுண்ட் பண்ணிட்டேன்."

"தம்பி கடை அங்க இருக்குன்னு பயந்துட்டியா?"

"பயந்துதான் ரெண்டு தடவை ஓட்டிப் பாத்தேன்."

அவர் பேனாவை வைத்தார், தொலைபேசியை எடுக்கவில்லை. அவள் தம்பியை அழைத்தாள்.

"டேய், ஆளுங்களோட வெளிய வா. சுவர் சாயுது."

"உன் கம்ப்யூட்டர் ராசிபலனும் சொல்லுதாக்கா? ஒரு இரும்பு கேட் வேலை பாதியில நிக்குது."

"பின்கதவு ஒழுங்கா சாத்துதா?"

"அது ஒரு மாசமா மக்கர். நேத்துதான் ஓரத்தைத் தேச்சு விட்டேன்."

சுவர் கதவு நிலையை நெருக்குகிறது என்று அவளுக்குப் புரிந்தது. "வாடா வெளிய!"

"கத்தாத. ஷட்டரை இறக்கிட்டு வரேன்."

இரும்பு உரசும் சத்தம். நின்றது. மறுபடி உரசியது.

"அக்கா..." குரலில் கேலி இல்லை. "இறங்கல. காலையில நல்லாத்தான் ஏறிச்சு."

"விட்டுட்டு ஓடி வாடா!"

கைபேசியை ஒலிபெருக்கியில் போட்டாள். காலடிகள், யாரோ யாரையோ அதட்டும் குரல், பிறகு தெருவின் ஹாரன்.

"எல்லாரும் வந்துட்டோம்."

பொறியாளர் அறிக்கையை ஓரம் தள்ளிவிட்டுத் தொலைபேசியை எடுத்தார். "மேல தடுப்பை எடுக்காதீங்க. கீழ்த்தெருவையும் உடனே மூடுங்க."

அவள் அப்போதுதான் உட்கார்ந்தாள்.