சைக்கிள் ஓடத் தெரியுமா என்று கேட்ட வேலை

இந்த நாட்டில் சைக்கிள் ஓடினால் ருசிக்குமாம். சாப்பாடு நன்றாக இருந்தால் ‘லெக்கர்’ என்பார்கள். நல்ல தூக்கமும் லெக்கர், இளவெயிலும் லெக்கர், சைக்கிளில் ஒரு சுற்றுப் போய்வருவதும் லெக்கர். நெதர்லாந்துக்கு வந்த புதிதில், பக்கத்து வீட்டு மனுசி தன் சைக்கிளைச் சுவரோடு சாத்திவிட்டு என்னைப் பார்த்து ‘லெக்கர்!’ என்றார். எங்கள் குசினியில் மீன் ஆணம் கொதித்துக்கொண்டிருந்த நேரம். வாசம் பிடித்துத்தான் சொல்கிறார் என்று நினைத்து, ஒரு கோப்பையில் ஊற்றிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். முகம் சிவக்கச் சிவக்க முழுவதையும் குடித்து முடித்தார். அன்றிலிருந்து நாங்கள் சிநேகிதம்.

“அங்க வேல எடுக்கிறது லேசா, ராத்தா?” என்று ஊர்ப்பிள்ளைகள் தொலைபேசியில் கேட்பார்கள். லேசில்லை. ஆனால் கஷ்டம் நான் எதிர்பார்த்த இடத்தில் இருக்கவில்லை. நான் எழுதிக் கொண்டுபோன விண்ணப்பத்தில் வாப்பாவின் பெயர், மதம், கல்யாணமான விபரம், பரீட்சைப் பெறுபேறு எல்லாம் ஒழுங்காக இருந்தன. வேலை தேட உதவும் நிலையத்தில் ஒரு பெண் அவற்றை ஒவ்வொன்றாக வெட்டினார். அரைப்பக்கம்கூட மிஞ்சவில்லை. பிறகு, “உங்களுக்கு என்ன செய்யப் பிடிக்கும்?” என்று கேட்டார். இலங்கையில், கல்முனையில் ஒரு பாமசியில் பல வருசம் நின்றவள் நான். இந்தக் கேள்வியை அங்கே யாரும் கேட்டதில்லை. நானும் என்னைக் கேட்டதில்லை. யோசித்துப் பார்த்தால், மருந்து எடுத்துக் கொடுப்பதைவிட, மருந்து வாங்க வருகிற வயதானவர்களோடு கதைத்துக்கொண்டு நிற்பதுதான் எனக்குப் பிடித்திருந்தது. அதையே சொன்னேன். வயோதிபரின் வீடுகளுக்குப் போய்ப் பராமரிக்கிற வேலை ஒன்றுக்கு அனுப்பிவைத்தார். வரப்போகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடிய புத்தி இதுதான்: அந்தக் கேள்விக்கு ஊரிலிருந்தே பதிலைத் தேடிக்கொண்டு வாருங்கள்.

நேர்முகத்தில் எல்லாம் நன்றாகப் போனது. கடைசியில் பொறுப்பாளர், “சைக்கிள் ஓடுவீர்களா?” என்று கேட்டார்.

“என் கணவரிடம் கார் இருக்கிறது.”

“வேலை உங்கள் கணவருக்கா?”

அவர் சிரிக்கவில்லை. எங்கள் பக்கத்தில் இப்படிக் கேட்டால் சண்டை வரும். இங்கே அது வெறும் கேள்வி. அதைப் புரிந்துகொள்ளவே எனக்கு ஒரு நாள் பிடித்தது. வீட்டுக்கு வீடு போகிற வேலையாம், எல்லோரும் சைக்கிளில்தான் போவார்களாம். “ஓடப் பழகுங்கள். வசந்தகாலம் வரை இடம் வைத்திருக்கிறேன்” என்றார். என் கணவர் ரிஸ்வான், “நான் கொண்டுபோய் உடுறன்தானே” என்றார். “ஒவ்வொரு வூட்டுக்குமா?” என்று கேட்டேன். அவர் தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டே, அதுவும் சரிதான் என்று தலையை ஆட்டினார்.

சாய்ந்தமருதில் நான் சைக்கிளின் பின் கரியரில் வளர்ந்தவள். வாப்பா மிதிப்பார், கடற்காற்றில் பறக்கிற முக்காட்டைப் பிடித்துக்கொண்டு நான் கல்முனைக்கு டியூசனுக்குப் போவேன். முன் சீற்றில் ஏறாதே என்று யாரும் சொன்னதில்லை. ஏறலாம் என்று எனக்குத்தான் தோன்றவில்லை. நாற்பதை எட்டப்போகிற வயதில், வேறு நாடுகளிலிருந்து வந்த பெண்களோடு ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் போய் நின்றேன். பழக்கியவர் மரைக்க என்ற டச்சுப் பெண். என் சீற்றைப் பின்னால் பிடித்துக்கொண்டு ஓடிவந்தவர், “இக் லாட் லோஸ்!” என்று கத்தினார். ‘நான் விடுகிறேன்’ என்று அர்த்தம். எனக்கு விளங்கியதோ ‘விடு’ என்பது மட்டும். இரண்டு கையையும் விட்டேன். “யா அல்லாஹ்!” என்று புல்லில் விழுந்தபோது, பக்கத்தில் ஏற்கனவே விழுந்து கிடந்த சிரியாக்காரி ஹனானும் அதையேதான் சொன்னாள். எங்கள் இருவருக்கும் பொதுவாக இருந்த முழு வசனம் அது ஒன்றுதான். எழும்ப முடியாமல் சிரித்தோம். அதன் பிறகு அவள் என்னைத் தள்ளினாள், நான் அவளைத் தள்ளினேன். ஒரு நாள் திரும்பிப் பார்த்தால், ஹனான் வெகுதூரத்தில் நின்று கைதட்டிக்கொண்டிருந்தாள். என்னை யாரும் பிடித்திருக்கவில்லை.

வேலை கிடைத்ததை உம்மாவுக்குச் சொல்லப் பயமாக இருந்தது. பொம்பிளை சைக்கிள் ஓடுவதா, ஊர் என்ன கதைக்கும் என்பார் என்று பதில்களை அடுக்கி வைத்துக்கொண்டுதான் தொலைபேசியை எடுத்தேன்.

“சைக்கிளா?” என்றார் உம்மா. பிறகு குரல் இறங்கியது. “புள்ள, இஞ்ச இப்ப எல்லாப் பொம்புளையளும் ஸ்கூட்டியிலதான் போறாங்க. மீன்கடைக்கும் ஸ்கூட்டிதான். நீ அங்க போய்ச் சைக்கிள் மிதிக்கிறாயா? கஷ்டப்படுறீங்களா மகள்? ஒளிக்காமச் சொல்லு.”

“இல்லம்மா, இஞ்ச டொக்டரும் சைக்கிள்லதான் வாறார்.”

“ஓம், ஓம்” என்றார் நம்பாமல். “வாப்பாக்கிட்டச் சொல்லி ஏதும் அனுப்பவா?”

அடுக்கி வைத்த பதில் ஒன்றும் உதவவில்லை. நான் விட்டுவந்த ஊர் அங்கே இல்லை. அது என்னைத் தாண்டி ஸ்கூட்டியில் போய்விட்டது. வெளிநாட்டிலிருப்பவர்கள் ஊரைப்பற்றிச் சொல்வதைக் கொஞ்சம் தள்ளுபடி செய்து கேளுங்கள் என்பது என் அடுத்த புத்தி. நான் எழுதுவதையும் சேர்த்துத்தான்.

இப்போது காலையில் வீட்டுக்கு வீடு போகிறேன். கால் வீங்கியவர்களுக்கு இறுக்கமான காலுறை போட்டுவிடுகிறேன், மருந்து கொடுக்கிறேன், கதைக்கிறேன். எதிர்க்காற்று ஒரு பொல்லாத சாமான். மழைக் காற்சட்டை வாங்குவதில் கஞ்சத்தனம் கூடாது. கை காட்டாமல் திரும்பினால் பின்னால் வருகிற கிழவிகூட ஏசுவாள். ஆனாலும், கால்வாய் ஓரத்தில் தனியே மிதித்துப் போகும்போது மனம் நிறைந்திருக்கிறது.

போன நோன்புப் பெருநாளுக்கு ஊருக்குப் போயிருந்தபோது, தம்பியின் சைக்கிளை எடுத்துக்கொண்டு பிரதான வீதிக்கு இறங்கினேன். எதிரே வந்த ஆட்டோ சட்டென்று நின்றது. “ராத்தா, எந்தப் பக்கத்தால போறீங்க? இது நம்மட ஊரு!” என்றார் ஓட்டுநர். நெதர்லாந்தில் பழகியபடி வலது பக்கத்தால் போய்க்கொண்டிருந்தேன். வெட்கத்தோடு இடது பக்கத்துக்கு மாறி, லீவு முடிவதற்குள் அதற்குப் பழகிவிட்டேன். திரும்பி வந்து வேலைக்குப் போன முதல் காலை, இங்கே இடது பக்கத்தால் போனேன். எதிரே வந்தவர் மணியடித்துக் கத்தினார். இப்போதெல்லாம் எந்த ஊரிலும் வீதிக்கு இறங்குமுன் ஒரு காலைப் பெடலிலும் ஒரு காலை நிலத்திலும் வைத்து, இரண்டு பக்கமும் பார்த்து, இது எந்த ஊர் என்று என்னை ஒருமுறை கேட்டுக்கொள்கிறேன். பிறகு பிஸ்மி சொல்லி மிதிக்கிறேன்.