அட்டையில் எழுதிய எண்

இது நடந்தது. கற்பனை என்று நினைப்பவர்கள் இப்போதே பக்கத்தைத் திருப்பிக்கொள்ளலாம், எனக்கு வருத்தமில்லை. நடந்தது எனக்கல்ல, லைலுக்கு. ஆனால் கடைசியில் ஒரு சின்னப் பங்கு எனக்கும் இருக்கிறது. அது மட்டும் இல்லாவிட்டால் நான் இதை எழுதவே மாட்டேன்.

லைலும் நானும் விஸ்கான்சினில் ஒரே காகித ஆலையில் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்தவர்கள். லைலுக்குப் பொய் சொல்ல வராது. சீட்டாட்டத்தில் நல்ல சீட்டு வந்தால் காது சிவந்து காட்டிக் கொடுத்துவிடும். மனைவி பிரிந்துபோய்ப் பதினான்கு வருடம் ஆகிறது. பிள்ளைகள் இல்லை. அவனுக்கு இருந்த ஒரே துணை அவன் வேட்டைக் கூட்டாளி டுவேன்தான்.

முப்பது வருடம் இருவரும் எங்கள் ஊர்க் காட்டிலேயே மான் வேட்டைக்குப் போனார்கள். வெளி மாநிலத்துக்குப் போனதில்லை. போக வேண்டும் என்ற பேச்சு மட்டும் ஏழு வருடமாக ஓடியது. நெப்ராஸ்காவின் மணல்மேட்டுப் புல்வெளி. அரசாங்க நிலம், யாரும் இறங்கலாம். ஆனால் மான் வேட்டைக்கான உரிமச் சீட்டு குலுக்கலில் விழ வேண்டும். ஏழு குளிர்காலமும் லைல் வீட்டுச் சமையலறை மேசையில் வரைபடத்தை விரித்துப் போட்டுக்கொண்டு சண்டை பிடித்தார்கள். வண்டியை எங்கே நிறுத்துவது, காற்று எந்தப் பக்கம் அடிக்கும், மான் எந்தப் பள்ளத்தில் படுக்கும்...

"அந்தத் தண்ணி எறைக்கற காத்தாடிக்கு வடக்க, மூணாவது பள்ளம். கெடா மான் அங்கதான் படுத்திருக்கும்," என்பான் டுவேன்.

"படத்தப் பாத்தே மானுக்குப் பாய் விரிச்சிட்டியா?"

"மரமண்டை! வந்து பாரு, அப்பறம் பேசு."

டுவேன் லைலைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதே இல்லை. மரமண்டைதான்.

ஏழாவது வருடம் பிப்ரவரியில் இருவரும் சேர்ந்து விண்ணப்பம் போட்டார்கள். ஏப்ரலில் டுவேன் கூரையைச் சரிபார்க்க ஏறினான். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்தான். இறக்கியபோது உயிர் இல்லை. ஜூலையில் குலுக்கல் முடிவு வந்தது. இரண்டு பெயரும் விழுந்திருந்தன.

லைல் என்னிடம் வந்தான்.

"நீ வாயேன்டா. துப்பாக்கி வேண்டாம், வேட்டையாட வேண்டாம். சும்மா கூட உக்காரு, போதும்."

"வேட்டை ஆரம்பிக்கற அந்தச் சனிக்கிழமை மாமியாருக்குப் பொறந்தநாள்டா."

பொய் இல்லை. ஆனால் மாமியார் என்னைத் தேடப் போவதும் இல்லை. எழுநூறு மைல் தூரம் டுவேன் கதையையே கேட்டுக்கொண்டு போக எனக்கு மனசு வரவில்லை, அவ்வளவுதான். லைலுக்கும் அது தெரிந்திருக்கும். தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டான்.

நவம்பர் 16, சனிக்கிழமை. விடிகாலை 5.10. வரைபடத்தில் குறித்த அதே இடத்தில் லைல் வண்டியை நிறுத்தினான். கண்ணுக்கு எட்டியவரை ஒரு விளக்கு இல்லை.

வேட்டைக்காரர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. எங்கே போகிறேன், எத்தனை மணிக்குத் திரும்புவேன், வராவிட்டால் யாரைக் கூப்பிட வேண்டும் என்று ஒரு அட்டையில் எழுதி முன்கண்ணாடிக்குக் கீழே வைத்துவிட்டுத்தான் போவார்கள். லைல் எழுதினான். 'காற்றாடிக்கு வடக்கே. மாலை 6 மணிக்குள்.' பிறகு ஒரு எண்ணையும் எழுதினான்.

எழுதி முடித்த பிறகுதான் பார்த்தான். டுவேனுடைய எண்.

முப்பது வருடப் பழக்கம், கை தானாக எழுதிவிட்டது. அடிக்கலாம் என்று பென்சிலை வைத்தான். அடித்துவிட்டு யார் எண்ணை எழுதுவது? யோசித்தான். ஒருவரும் தோன்றவில்லை. என் பெயர்கூடத் தோன்றவில்லை, அதை என்னிடமே சொன்னான். எண்ணை அப்படியே விட்டுவிட்டு இறங்கினான்.

கதவைப் பூட்டும்போது ஒன்றைக் கவனித்தான். பக்கத்து இருக்கைக் கண்ணாடியில் உள்பக்கமாக ஆவி படிந்திருந்தது. யாரோ முகத்தை ஒட்டிவைத்து மூச்சு விட்டது போல, ஒரு வட்டம். ஹீட்டர் செய்த வேலை என்று நினைத்து நடந்தான்.

பகல் முழுக்க மான் இல்லை. காற்று மட்டும்தான். பன்னிரண்டரைக்குச் சாப்பிட உட்கார்ந்தான். பையில் இரண்டு சாண்ட்விச் இருந்தன. கை வழக்கம்போல் இரண்டு பேருக்குக் கட்டியிருந்தது. ஒன்றைத் தின்றான். மற்றதைப் பார்க்கப் பிடிக்கவில்லை. அழுகை வந்தது, யார் பார்க்கப் போகிறார்கள் என்று அழுதான்.

அப்போது காற்றில் ஒரு வாசம். புதினா போட்ட மெல்லும் புகையிலை. டுவேன் வாயில் எப்போதும் கிடந்தது அதுதான். சுற்றிலும் ஆள் இல்லை. ஒரு நிமிடம் இருந்தது, பிறகு போய்விட்டது.

மாலை 4.55. மூன்றாவது பள்ளம். டுவேன் சொன்னபடியே அங்கே ஒரு கிடா படுத்திருந்தது. பெரிய கொம்பு. அது எழுந்தது. லைலைப் பார்க்கவில்லை. அவனுக்குப் பின்னால், தோளுக்கு மேலே எதையோ பார்த்தது. பார்த்துக்கொண்டே பின்வாங்கி... ஓடியது.

லைல் திரும்பினான். யாரும் இல்லை.

எதிர்மேட்டில் ஏறினால் இன்னொரு முறை குறி கிடைக்கும் என்று ஓடினான். ஏதோ பிராணி தோண்டிய குழியில் இடது கால் இறங்கியது. சடக்கென்று ஒரு சத்தம். அது கணுக்கால் எலும்பு.

எங்கள் ஊர்க் காட்டில் எந்தப் பக்கம் தவழ்ந்தாலும் ஒரு மைலுக்குள் ரோடு வந்துவிடும். அந்தத் தெம்பிலேயே அங்கேயும் தவழ்ந்தான். ஆனால் அங்கே ஒரு மேட்டுக்கு அப்பால் அதே மாதிரி இன்னொரு மேடு. அப்புறம் இன்னொன்று. கைபேசியில் சிக்னல் இல்லை. ஆபத்து என்றால் மூன்று முறை சுடுவது வழக்கம். சுட்டான். பதில் இல்லை.

அந்த நேரத்தில் நான் மாமியாருக்குக் கேக் வெட்டும் விருந்தில் பொரித்த மீன் தின்றுகொண்டிருந்தேன்.

6.20. குளிர் எலும்பில் இறங்கியது. நடுக்கம் நின்றுவிட்டது. நடுக்கம் நிற்பது நல்லதல்ல என்று அவனுக்குத் தெரியும். ஆனால் பயம் வரவில்லை. வீட்டில் யார் காத்திருக்கிறார்கள்? இங்கேயே படுத்துவிடலாம் என்று தோன்றியது. அப்படித் தோன்றியபோது மனசுக்குச் சுகமாகக்கூட இருந்தது என்றான்.

படுத்தான். கண்ணை மூடினான்.

6.40. காலடிச் சத்தம்.

புல் நசுங்கியது. சரக்... சரக்...

நெற்றி விளக்கைத் திருப்பினான். வெறும் புல்.

சரக்... சரக்...

பத்தடி தூரத்தில் நின்றது.

"யாரு?"

ஒரு இருமல். பழகிய இருமல்.

கைபேசியைப் பார்த்தான். 6.47.

அந்தப் பக்கமிருந்து முணுமுணுப்பு. "எடு... எடுடா... எடுத்துத் தொலை..."



மறுபடியும் அதேதான். "எடுடா..."

6.52.

இப்போது குரல் மாறியது. போனில் யாரிடமோ பேசுகிற குரல். பேச்சின் ஒரு பாதி மட்டும்.

"...ஆமா... இடது கால்... மூணாவது பள்ளத்துக்கு மேக்கால... ஆமா..."

"...இல்ல, நடக்க மாட்டான்..."

"...நான் கூடவே இருக்கேன்."

அப்புறம் சத்தமே இல்லை.

புதினா வாசம் மட்டும். மிக அருகில்.

லைல் கண்ணை மூடவில்லை. மூடப் பயந்தான்.

8.25. விளக்குகள் தெரிந்தன. ஷெரிப் அலுவலகத்திலிருந்து இரண்டு பேர். முன்னால் வந்த பெண் காவலர் கம்பளியைப் போர்த்திவிட்டுச் சுற்றும் முற்றும் பார்த்தார்.

"உங்க கூட்டாளி எங்க சார்?"

"நான் தனியாத்தான் வந்தேன்."

"போன் பண்ணவர், கூடவே இருக்கேன்னாரே. இடத்தக்கூட அடி பெசகாம சொன்னார்."

"பேர் சொன்னாரா?"

"கேக்கறதுக்குள்ள வெச்சிட்டார். ஆனா உங்ககிட்ட ஒண்ணு சொல்லச் சொன்னார். தப்பா எடுத்துக்காதீங்க, அவர் சொன்னபடியே சொல்றேன். 'அந்த மரமண்டைய, அடுத்த தடவை அட்டையில உயிரோட இருக்கறவன் நம்பர எழுதச் சொல்லு'ன்னார். எந்த அட்டை சார்?"

அட்டை, பூட்டிய வண்டிக்குள் இருந்தது. அவர்கள் இன்னும் வண்டிப் பக்கம் போகவே இல்லை.

அடுத்த வியாழக்கிழமை லைல் கட்டுப்போட்ட காலோடு என் வீட்டுக்கு வந்து இத்தனையும் சொன்னான். காது சிவக்கவில்லை. அந்த அழைப்பு வந்த எண்ணை ஷெரிப் அலுவலகத்தில் கேட்டு எழுதி வந்திருந்தான். டுவேன் எண்தான், என் கைபேசியிலும் அது பதிந்திருந்தது. அவன் மனைவி மார்லிஸ் அந்த இணைப்பை மே மாதமே நிறுத்திவிட்டாள். நாங்கள் கூப்பிட்டுப் பார்த்தோம். இந்த எண் உபயோகத்தில் இல்லை என்று பதிவுக் குரல் சொன்னது.

லைல் சட்டைப் பையிலிருந்து ஒரு புது அட்டையை எடுத்தான். என் எண்ணைக் கேட்டு எழுதினான். இருபத்திரண்டு வருடத்தில் முதல் தடவை.

"கூப்பிட்டா எடுப்பேல்லடா?"

"பின்ன, எடுக்காம?"

கதவு வரை போனவன் திரும்பினான். "ஒண்ணு மட்டும் புரியலடா. ஷெரிப்புக்குப் பேசறதுக்கு முன்னாடி... எடு, எடுன்னு யாரக் கெஞ்சினான்?"

எனக்கு எப்படித் தெரியும் என்றேன்.

அவன் வண்டி கிளம்பிய பிறகு என் கைபேசியை எடுத்தேன். அன்று விருந்து மேசையில் அது நடுங்கிக்கொண்டே இருந்தது. யாரென்று பார்க்காமல் கவிழ்த்து வைத்திருந்தேன். மறுநாளும் எடுக்காத அழைப்புகளைப் பார்க்கும் பழக்கம் எனக்கு இல்லை. பட்டியலைக் கீழே தள்ளினேன். நவம்பர் 16.

6.48. டுவேன்.

6.49. டுவேன்.

6.50. டுவேன்.

6.51. டுவேன்.

இதை லைலிடம் நான் இன்னும் சொல்லவில்லை.